பிறந்த குழந்தையின் கண்ணில் பீளை: சொட்டு மருந்து எப்போது போதும், ஊசி எப்போது?

பிரசவவார்டு (கேள்வி)

வணக்கம். பிறந்து முதல் 28 நாளுக்குள் வரும் கண் தொற்று பற்றிக் கேட்கிறேன். கண்ணில் பீளை தள்ளுகிறது, இமை ஒட்டிக்கொள்கிறது என்று சொன்னதுமே டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் சொட்டு ஒன்றை எழுதிக் கொடுத்துவிடுவது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. நிறையக் குழந்தைகளுக்கு அதிலேயே சரியாகியும்விடுகிறது. பாடப்புத்தகத்திலோ, பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றும் பால்வினைக் கிருமிகளில் கொனோரியா என்றால் ஊசி, கிளமிடியா என்றால் வாய்வழி சிரப், சொட்டு மட்டும் போதாது என்று இருக்கிறது. கிருமி கண்ணில்தானே இருக்கிறது? கண்ணிலேயே மருந்து விட்டால் ஏன் போதாது?

எத்தனையாவது நாளில் வந்தது என்பதை வைத்து எந்தக் கிருமி என்று எவ்வளவு தூரம் நம்பிச் சொல்லலாம்? வெறும் கண்ணீர்க் குழாய் அடைப்பா, தொற்றா என்று படுக்கையருகிலேயே எப்படிப் பிரிப்பது? மருந்தளவை 3 கிலோ குழந்தைக்குக் கணக்குப் போட்டே யாராவது சொன்னால் நல்லது. பிறந்தவுடன் கண்ணில் களிம்பு போட்ட குழந்தைக்கும் இது வருமா?

கருவிழி (கண் மருத்துவம்)

சிஸ்டர், மருந்துக்குப் போகுமுன் இமையைத் திறந்து பார்க்கவேண்டும். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

பீளை இருப்பதாலேயே தொற்று என்று ஆகிவிடாது. இமையைப் பிரித்து வெள்ளை விழியைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது, இமை வீங்கவில்லை, கண்ணில் எப்போதும் நீர் கோத்து நிற்கிறது, தூங்கி எழும்போது இமை ஒட்டிக்கொள்கிறது என்றால் அநேகமாகக் கண்ணீர்க் குழாய் அடைப்புதான். குழாய் மூக்கினுள் திறக்கும் இடத்தில் ஹாஸ்னர் வால்வு என்கிற மெல்லிய சவ்வு இன்னும் திறக்காமல் இருப்பதால் வருவது. மூக்கோரக் கண்மூலையில், கண்ணீர்ப் பை இருக்கும் இடத்தை மெல்ல அழுத்தினால் கோழை மாதிரி எதிர்த்து வரும். இதற்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம். அதே இடத்தில் சுண்டுவிரலை வைத்து மூக்கோரமாகக் கீழ்நோக்கி அழுத்தி இழுக்கும் மசாஜ், ஒரு தடவைக்கு 5 முதல் 10 அழுத்தம், நாளைக்கு 2 முதல் 4 தடவை போதும். பத்தில் ஒன்பது குழந்தைக்கு ஒரு வயதுக்குள் தானே திறந்துகொள்ளும். ஆனால் அந்த மூலையில் பிறந்ததிலிருந்தே நீலம் பாய்ந்த உருண்டை வீக்கம் இருந்தால் அது கண்ணீர்ப் பை நீர்க்கட்டி. அது சிவந்து சூடானால் உடனே அட்மிஷன். சில குழந்தைகளுக்கு அது மூக்கினுள்ளும் நீண்டு மூச்சை அடைக்கும்.

தொற்று என்ற பெயரில் நழுவிப்போகும் இன்னொன்று பிறவி கிளாக்கோமா. கண்ணீர் வழியும், ஆனால் சீழ் இராது. வெளிச்சம் பட்டால் குழந்தை கண்ணை இறுக்கிக்கொள்ளும். கருவிழி மங்கலாகவோ, 11 மி.மீ.க்கு மேல் அகலமாகவோ தெரியும். இதற்குச் சொட்டு எழுதி இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்புவது பார்வையோடு விளையாடுவது.

நாள் கணக்கு உதவும், ஆனால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. முதல் 24 மணி நேரத்துக்குள் இரு கண்ணும் லேசாகச் சிவந்து நீர் வடிந்தால், தடுப்புக்காகப் போட்ட மருந்தின் எரிச்சல். சில்வர் நைட்ரேட் போட்ட காலத்தில் இது சகஜம். இரண்டொரு நாளில் தானே அடங்கும். 2 முதல் 5 நாளுக்குள் இரு கண்ணிலும் இமை புடைத்துச் சீழ் கொட்டினால் கொனோரியா. 5 முதல் 14 நாளுக்குள் என்றால் கிளமிடியா முதல் சந்தேகம். ஸ்டெஃபிலோகாக்கஸ், நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் போன்ற சாதாரண பாக்டீரியாக்கள் பெரும்பாலும் முதல் வாரக் கடைசியிலிருந்து வரும், ஆனால் எப்போது வேண்டுமானாலும் வரலாம். கொப்புளம் வரவைக்கும் வைரஸான ஹெர்பிஸ் முதல் இரண்டு வாரத்தில்.

இந்தக் கணக்கு ஏன் தவறுகிறது? பனிக்குடம் பிரசவத்துக்கு வெகு நேரம் முன்பே உடைந்திருந்தால் கிருமி உள்ளேயே ஏறிவிடும். அந்தக் குழந்தைக்கு முதல் நாளிலேயே சீழ் வரலாம். சிசேரியன் குழந்தைக்கு வராது என்பதும் இதனால்தான் சரியில்லை. மறுபக்கம், பிறந்தவுடன் போட்ட களிம்பு கிருமியைப் பாதி அடக்கி வைத்திருந்தால் கொனோரியாவே ஒரு வாரம் கழித்துத் தலைகாட்டும். ஆகவே 8ஆம் நாள் என்பதால் கொனோரியா இல்லை என்று சொல்லிவிட முடியாது.

கொனோரியாவுக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்றால், பெரும்பாலான பாக்டீரியாக்கள் கருவிழிக்குள் நுழைய ஒரு கீறலாவது வேண்டும். கொனோரியா கிருமியான கொனோகாக்கஸுக்கு அது தேவையில்லை. முழுசாக இருக்கும் மேல்தோலையே ஊடுருவும். 24 மணி நேரத்துக்குள் புண்ணாகி, துளை விழுந்து கண் போய்விடலாம். அதனால் சீழ் கொட்டும் கண்ணைப் பார்க்கும்போதெல்லாம் கருவிழியைப் பார்த்தே ஆகவேண்டும். குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றி, ஒருவர் தலையைப் பிடிக்க, இமை விரிப்பானால் திறந்து பாருங்கள். விரலால் கண்மேல் அழுத்தித் திறக்கவேண்டாம். புண் ஏற்கெனவே மெலிந்திருந்தால் அந்த அழுத்தத்திலேயே உடையும். ஃப்ளூரசின் என்ற சாயத் தாளைச் சலைனில் நனைத்துக் கீழிமையில் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தால் புண் பச்சையாக ஒளிரும். மரக்கிளை போலக் கிளைவிட்டு ஒளிர்ந்தால் ஹெர்பிஸ்.

ஒரு எச்சரிக்கை. வீங்கிய இமையைத் திறக்கும்போது உள்ளே அடைபட்ட சீழ் பீய்ச்சியடிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் திறக்காதீர்கள். இதில் பெரியவர்களுக்கும் கண் போயிருக்கிறது.

ஹவுஸ்சர்ஜன்

கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பிவிட்டு, அது வரும்வரை டோப்ராமைசின் விட்டுப் பார்க்கலாமே டாக்டர்? 48 மணி நேரம்தானே. தேவையில்லாமல் செஃப்ட்ரியாக்சோன் ஊசி போடுவதைத் தவிர்க்கலாம்.

இன்குபேட்டர் (பச்சிளங்குழந்தைப் பிரிவு)

தம்பி, எந்தக் குழந்தைக்கு என்பதைப் பொறுத்தது. லேசான சிவப்பு, கொஞ்சம் பீளை, நன்றாகப் பால் குடிக்கிறது, கருவிழி தெளிவு என்றால் சொட்டுப் போட்டுக் காத்திருக்கலாம். இமை புடைத்துச் சீழ் வழியும் குழந்தைக்கு அந்த 48 மணி நேரம் இல்லை. மேலே டாக்டர் சொன்னபடி 24 மணியில் கருவிழி ஓட்டையாகலாம். அங்கே கிராம் ஸ்டெயின் (சீழைச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) பார்த்து, அந்த வசதியும் இல்லையென்றால் பார்க்காமலே ஊசி போட்டுவிட வேண்டும். ஒரே ஒரு டோஸ் செஃப்ட்ரியாக்சோனைத் தேவையில்லாமல் போட்டதில் வரும் நஷ்டம் மிகக் குறைவு.

இனி பிரசவவார்டு சிஸ்டர் கேட்ட முக்கியமான கேள்வி. கண்ணில் கிருமி இருக்கிறது, ஆனால் கண்ணில் மட்டும் இல்லை. குழந்தை வந்த பாதையில் கிருமி மூக்கு, தொண்டை, மலக்குடல் என்று எல்லா இடத்திலும் ஒட்டியிருக்கும். கொனோரியா அங்கிருந்து ரத்தத்துக்கும், மூட்டுக்கும், மூளையுறைக்கும் போகலாம். கிளமிடியா தொண்டையிலிருந்து நுரையீரலுக்கு இறங்கி, 1 முதல் 3 மாதத்தில் நிமோனியாவாக வரும். காய்ச்சல் இராது, மூச்சு வேகமாகும், விட்டு விட்டு வெடுக்கென்ற இருமல். கண்ணுக்கு மட்டும் சொட்டு விட்டால் கண் வெளுத்துவிடும், பெற்றோரும் வரமாட்டார்கள், தொண்டையில் இருப்பது அப்படியே இருக்கும். தவிர கிளமிடியா செல்லுக்குள்ளே வாழ்கிற கிருமி. பச்சிளங்குழந்தை ஒவ்வொரு அழுகையிலும் சொட்டைக் கழுவிவிடும்.

அளவுகள், 3 கிலோ குழந்தைக்கு:

கொனோரியா: செஃப்ட்ரியாக்சோன் கிலோவுக்கு 25 முதல் 50 மி.கி., ஒரே டோஸ், தசையிலோ நரம்பிலோ. அதாவது 75 முதல் 150 மி.கி. உச்ச வரம்பை அமெரிக்க வழிகாட்டி 250 மி.கி. என்கிறது, உலக சுகாதார நிறுவனம் கிலோவுக்கு 50 மி.கி. கணக்கில் 150 மி.கி. என்கிறது. 3 கிலோ குழந்தைக்கு 150 என்று வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் பொருந்தும். 250 மி.கி. வயலில் 0.9 மி.லி. ஊசி நீர் விட்டால் ஒரு மி.லி.யில் 250 மி.கி. கிடைக்கும்; 150 மி.கி.க்கு 0.6 மி.லி. தொடையின் முன்வெளிப்பக்க நடுவில், இரண்டு தொடைக்கும் பிரித்துப் போடுங்கள். லிக்னோகெய்னில் கரைத்த மருந்து எக்காரணத்தாலும் நரம்பில் போகக்கூடாது.

இரண்டு இடத்தில் செஃப்ட்ரியாக்சோன் கூடாது. மஞ்சள்காமாலை அதிகமுள்ள குழந்தை, அதிலும் குறைமாதக் குழந்தை: மருந்து ரத்தத்தின் ஆல்புமின் புரதத்திலிருந்து, மஞ்சள்காமாலைக்குக் காரணமான பிலிருபினைத் தள்ளிவிட்டு இடம் பிடித்துக்கொள்ளும், தள்ளப்பட்ட பிலிருபின் மூளைக்குப் போகும். அடுத்தது, நரம்பில் கால்சியம் ஏறிக்கொண்டிருக்கும் அல்லது ஏறப்போகும் குழந்தை: இரண்டும் சேர்ந்து படிவமாகி நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் அடைக்கும். 28 நாள் வரை வேறு வேறு லைனில், வேறு வேறு நேரத்தில் போட்டாலும் இந்தத் தடை உண்டு. இவர்களுக்கு செஃபோடாக்சிம் கிலோவுக்கு 100 மி.கி., அதாவது 300 மி.கி., ஒரே டோஸ்.

ஒரு டோஸ் என்பது தொற்று கண்ணோடு நிற்கிற குழந்தைக்கு. பால் குடிக்கவில்லை, உடம்பு குளிர்ந்திருக்கிறது, ஒரு காலை அசைக்க மறுக்கிறது என்றால் ரத்தக் கல்ச்சரும் முதுகுத்தண்டு நீரும் எடுத்து 7 நாள் சிகிச்சை, மூளையுறைத் தொற்று என்றால் 10 முதல் 14 நாள். ஆரோக்கியமாகத் தெரிந்தாலும் கொனோரியா என்றால் அட்மிட் செய்து இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அனுப்பவேண்டும்.

கிளமிடியா: அசித்ரோமைசின் கிலோவுக்கு 20 மி.கி. நாளைக்கு ஒரு வேளை, 3 நாள். 3 கிலோவுக்கு 60 மி.கி. அல்லது எரித்ரோமைசின் கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 மி.கி., நான்கு வேளையாகப் பிரித்து 14 நாள். 3 கிலோவுக்கு நாளைக்கு 150, வேளைக்கு 37.5 மி.கி. எரித்ரோமைசின் ஒரு கோர்ஸில் சுமார் 80 சதவீதம்தான் குணமாகும். சிலருக்கு இரண்டாவது கோர்ஸ் வேண்டிவரும். ராத்திரி பகலாக நாலு வேளை, 14 நாள் என்பதை எத்தனை வீட்டில் முடிப்பார்கள்? அதனால் நான் அசித்ரோமைசின் பக்கம்தான். உலக சுகாதார நிறுவனமும் அதையே முன்வைக்கிறது.

இரண்டில் எதைக் கொடுத்தாலும் வீட்டாரிடம் ஒன்று சொல்லி அனுப்புங்கள். 6 வாரத்துக்குள் இந்த வகை மருந்து வாங்கிய குழந்தைகளுக்கு இரைப்பையின் வெளிவாய் தடித்து அடைத்துக்கொள்ளும் ஆபத்து கூடுதல். பால் குடித்ததும் பித்தம் கலக்காமல் வேகமாகப் பீறிட்டு வாந்தி, உடனே மறுபடி பசி என்றால் அன்றே கொண்டுவர வேண்டும். இதற்காக மருந்தை விட்டுவிடக் கூடாது. தெரிந்தே கொடுக்கிறோம், கண்காணிக்கிறோம், அவ்வளவுதான்.

பரிசோதனைக்கே வழியில்லாத இடம் என்றால், சீழ் கொட்டும் கண்ணுக்கு இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை கொடுங்கள். இரண்டும் ஒரே தாயிடம் சேர்ந்திருப்பது சாதாரணம்.

மருந்துச்சீட்டு (மருந்தாளுநர்)

மேலே சொன்ன சிரப் கணக்கில் அடிக்கடி நடக்கிற தவறைச் சொல்லிவிடுகிறேன். அசித்ரோமைசின் சிரப் 5 மி.லி.க்கு 100 மி.கி., 200 மி.கி. என்று இரண்டு வீரியத்தில் வருகிறது. 60 மி.கி. என்றால் முதலாவதில் 3 மி.லி., இரண்டாவதில் 1.5 மி.லி. சீட்டில் வெறும் மி.லி. மட்டும் எழுதியிருந்தால் குழந்தைக்கு இரட்டிப்பு போகலாம், அல்லது பாதிதான் போகும். மி.கி., மி.லி., பாட்டில் வீரியம் மூன்றையும் எழுதுங்கள். எரித்ரோமைசின் 5 மி.லி.க்கு 125 மி.கி. சிரப்பில் 37.5 மி.கி. என்பது 1.5 மி.லி. ஸ்பூனில் அளக்கவேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கன்னத்தின் உட்புறம் மெல்ல விடுங்கள். பவுடராக வரும் பாட்டிலில் முதலில் குறியிட்ட அளவு தண்ணீர் விட்டு, ஒவ்வொரு வேளையும் நன்றாகக் குலுக்கவேண்டும். குலுக்காவிட்டால் முதல் நாள் தண்ணியாகவும் கடைசி நாள் கெட்டியாகவும் போகும்.

டெட்ராசைக்ளின் கண் களிம்பாகப் போடலாம். வாய்வழியாக டாக்ஸிசைக்ளின் வகை பச்சிளங்குழந்தைக்குக் கிடையாது. இன்னொன்று, கடையில் ஆன்டிபயாட்டிக்கோடு டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த சொட்டுகள் ஏராளம், பெயரும் ஒன்றுபோலவே இருக்கும். சிவப்பு சீக்கிரம் வடியும் என்பதால் எல்லாருக்கும் பிடிக்கும். ஹெர்பிஸ் கண்ணில் அதை விட்டால் புண் விரிந்து பரவும். லேபிளில் மூலப்பொருள் பெயரைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள்.

பிரசவவார்டு

மிக்க நன்றி. ஸ்வாப் (சோதனைக்குப் பஞ்சுக்குச்சியில் மாதிரி) எடுப்பதில்தான் எங்களுக்குக் குழப்பம். சீழைத் தொட்டு அனுப்புகிறோம், 'வளர்ச்சி இல்லை' என்றே திரும்பி வருகிறது. எங்கே தவறு?

சாக்லேட் அகார் (நுண்ணுயிர் ஆய்வகம்)

பல இடத்தில் தவறலாம். முதலாவது, சொட்டு மருந்து விட்ட பிறகு எடுக்கப்பட்ட ஸ்வாப். இரண்டாவது, குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காலையில் அனுப்பியது: கொனோகாக்கஸ் குளிரிலும் உலர்விலும் செத்துப்போகும். எடுத்த கையோடு சாக்லேட் அகார் என்ற வளர்ப்புத் தட்டில் தேய்த்து 35 முதல் 37 டிகிரியில் 5 சதவீதம் கார்பன் டைஆக்ஸைடில் வைக்கவேண்டும். அறையருகில் தட்டு இல்லையென்றால் போக்குவரத்து ஊடகத்தில், அறை வெப்பத்தில், அன்றே வந்துசேர வேண்டும். சாதாரண பிளட் அகாரில் மட்டும் போட்டுவிட்டு வளரவில்லை என்றால் அது கிருமியின் குற்றமில்லை.

மூன்றாவதுதான் பெரிது. கிளமிடியாவுக்குச் சீழ் பயன்படாது. அது இமைச் சவ்வின் செல்லுக்குள் இருக்கிறது. மேலாக நிற்கும் சீழை முதலில் சலைன் நனைத்த துணியால் துடைத்து எறிந்துவிட்டு, கீழிமையைப் புரட்டி, உட்சவ்வில் கொஞ்சம் அழுத்தித் தேய்த்து செல்லோடு எடுக்கவேண்டும். பிளாஸ்டிக் தண்டும் செயற்கை நார் முனையும் உள்ள ஸ்வாப் வேண்டும். மரத்தண்டு கிளமிடியாவைக் கெடுக்கும். கால்சியம் ஆல்ஜினேட் முனை கொனோகாக்கஸைக் கெடுக்கும். மூக்கு-தொண்டை ஸ்வாபும் சேர்த்து எடுத்தால் பிடிபடும் வாய்ப்பு கூடும்.

அப்புறம் கிராம் ஸ்டெயின். இது ஒரு மணி நேரத்துக்குள் சொல்லிவிடக்கூடிய சோதனை, கல்ச்சருக்காக இதைத் தள்ளிப்போடாதீர்கள். வெள்ளணுக்களுக்குள் சிவப்பாக, சிறுநீரக வடிவில் ஜோடி ஜோடியாகத் தெரிந்தால் கொனோரியா என்று வைத்து உடனே ஊசி. ஆனால் மொராக்ஸெல்லாவும் மற்ற நைசீரியாக்களும் இதே தோற்றத்தில் வரும். சிகிச்சைக்கு அது பரவாயில்லை. ஒரு குடும்பத்தின் பெயரில் பால்வினை நோய் என்று எழுதுமுன் மட்டும் கல்ச்சரிலோ மரபணுச் சோதனையிலோ உறுதிசெய்ய வேண்டும். கல்ச்சர் இருந்தால்தான் எந்த மருந்துக்கு அடங்கும் என்பதும் தெரியும். பென்சிலினும் சிப்ரோஃப்ளாக்சசினும் கொனோரியாவில் எப்போதோ கைவிட்டுப் போய்விட்டன.

நைட்_டூட்டி (செவிலியர்)

கழுவுவதையும் சொட்டு விடுவதையும் யாரும் சொல்லவில்லை. உண்மையில் ராத்திரி முழுக்க அதுதானே வேலை.

கொனோரியா கண்ணில் சீழ் நிற்கும்வரை மணிக்கொரு தடவை 0.9 சதவீத சலைனால் கழுவவேண்டும். சலைன் அறை வெப்பத்தில் இருக்கட்டும், ஃபிரிட்ஜில் இருந்து எடுத்ததை ஊற்றாதீர்கள். குழந்தையை எந்தக் கண்ணோ அந்தப் பக்கமாகச் சாய்த்து, மூக்கோரத்திலிருந்து வெளிமூலைக்கு ஓடும்படி மெல்ல விடவேண்டும். நேராகப் படுக்கவைத்துக் கழுவினால் சீழ் மூக்கைத் தாண்டி நல்ல கண்ணுக்குள் போகும். துடைக்கும் பஞ்சு ஒரு இழுப்புக்கு ஒன்று. அதே பஞ்சைத் திருப்பி மறு கண்ணைத் துடைப்பதுதான் ஒரு கண் நோயை இரு கண் நோயாக்குகிறது. கண்ணைக் கட்டிவைக்கக் கூடாது. கட்டினால் சீழ் உள்ளேயே தேங்கி, கருவிழி அதில் ஊறிக்கொண்டிருக்கும்.

ஊசி போட்டபின் ஆன்டிபயாட்டிக் சொட்டு கட்டாயமில்லை, கழுவுதல்தான் கட்டாயம். கருவிழியில் புண் இருந்தால் மட்டும் கண் டாக்டர் எழுதுவார்.

சொட்டு: பச்சிளங்குழந்தைக் கண்ணில் ஒரு சொட்டே வழிந்துவிடும், இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான். அழும்போது விடாதீர்கள். கீழிமையை இழுத்து அந்தப் பையில் ஒன்று, பிறகு மூக்கோர மூலையை ஒரு நிமிஷம் லேசாக அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்காது. அடுத்த மருந்து 5 நிமிஷம் கழித்து. களிம்பு என்றால் ஒரு செ.மீ. நீளம், சொட்டுக்குப் பிறகு. முனை இமையில் பட்டால் அந்தக் குப்பியை வேறு குழந்தைக்குத் தொடவே கூடாது. வார்டில் ஒரே குப்பியை எல்லா தொட்டிலுக்கும் கொண்டுபோவது பெரிய ஆபத்து.

கண்ணில் தாய்ப்பால் விடலாமா என்று எல்லாருமே கேட்பார்கள். கண்ணீர்க் குழாய் அடைப்புப் பீளைக்கு விட்டுப் பார்த்துத் தானே சரியானதும், பாலால் சரியானது என்று பேர் வரும். சிவந்து வீங்கிய கண்ணுக்கு விட்டுக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும்.

ஹவுஸ்சர்ஜன்

புரிந்தது. அப்போ கொனோரியாவும் கிளமிடியாவும் இல்லையென்றால் சொட்டு போதும், சரிதானே? ஹெர்பிஸ் பற்றி ஒரு வரியில் போய்விட்டீர்கள்.

இன்குபேட்டர்

சாதாரண பாக்டீரியா, நிறைமாதம், ஆரோக்கியமான குழந்தை என்றால் ஆம். டோப்ராமைசின் 0.3 சதவீதம் 4 முதல் 6 மணி நேரத்துக்கொரு சொட்டு, அல்லது எரித்ரோமைசின் 0.5 சதவீதக் களிம்பு நாளைக்கு 4 தடவை, 5 முதல் 7 நாள். 48 மணியில் குறையத் தொடங்கவில்லை என்றால் மருந்தை மாற்றுவதற்கு முன் நோய் என்ன என்ற முடிவை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே கிளமிடியா உட்கார்ந்திருக்கும்.

விதிவிலக்கு, ஐசியுவில் வாரக்கணக்கில் இருக்கும் குறைமாதக் குழந்தை. அங்கே சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வரும். இமை சிவந்து, பச்சை சாயல் சீழ், ஒரே நாளில் கருவிழி வெளுக்கும், அதே வேகத்தில் ரத்தத்துக்கும் போகும். இதை வெறும் கண் நோய் என்று பார்க்கக்கூடாது. ரத்தக் கல்ச்சர் எடுத்து, சூடோமோனாஸுக்கு எதிரான மருந்து நரம்பிலும் கண்ணிலும் சேர்த்தே.

ஹெர்பிஸ்: இமையிலோ தலையிலோ வாயோரத்திலோ கொப்புளம், ஒரு கண் மட்டும், சீழைவிட நீர் அதிகம், ஆன்டிபயாட்டிக்குக்கு மசியாத சிவப்பு. கொப்புளம் இல்லாமலும் வரும், தாய்க்கு அறிகுறியே இல்லாமலும் இருக்கலாம். சந்தேகம் வந்த உடனே அசைக்ளோவிர் நரம்பில், கிலோவுக்கு 20 மி.கி. 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை. 3 கிலோவுக்கு வேளைக்கு 60 மி.கி. ஒரு மணி நேரமாக மெதுவாக ஏற்றவேண்டும், இல்லையென்றால் சிறுநீரகத்தில் படிகமாகும். குழந்தைக்கு நீர்ச்சத்து குறையாமல் பார்க்கவேண்டும். தோல், கண், வாயோடு நின்றால் 14 நாள், மூளைக்கோ உடம்பு முழுக்கவோ பரவியிருந்தால் 21 நாள். அதனால் கண் மட்டும் என்று தெரிந்தாலும் முதுகுத்தண்டு நீர் எடுத்தே ஆகவேண்டும். கண்ணுக்கு கான்சிக்ளோவிர் ஜெல் கூடவே. ஊசி முடிந்ததும் 6 மாதம் வாய்வழி அசைக்ளோவிர் உண்டு. பலரும் டிஸ்சார்ஜ் சீட்டில் மறந்துவிடுவது இதைத்தான்.

கருவிழி

களிம்பு பற்றிக் கேட்டதற்கு. 1880களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் கிரெடே என்ற மகப்பேறு மருத்துவர் எல்லாக் குழந்தைக்கும் பிறந்தவுடன் 2 சதவீத சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட ஆரம்பித்தார். அவருடைய வார்டில் பத்தில் ஒரு குழந்தைக்கு வந்துகொண்டிருந்த நோய் நூற்றில் ஒன்றுக்கும் கீழே போனது. எரிச்சல் காரணமாக இப்போது அது பெரும்பாலும் போய்விட்டது, அதற்குப் பதில் எரித்ரோமைசின் 0.5 சதவீதம், டெட்ராசைக்ளின் 1 சதவீதம் களிம்பு, அல்லது போவிடோன் அயோடின் 2.5 சதவீதச் சொட்டு. பிறந்து ஒரு மணி நேரத்துக்குள், இரு கண்ணிலும், இமை உட்பையில். ஒரு நிமிஷம் கழித்து வெளியே வழிந்ததை மட்டும் துடைக்கலாம், கண்ணைக் கழுவக்கூடாது. அயோடினில் நீர்க் கரைசல்தான், ஆல்கஹாலோ சோப்போ கலந்த வகையைக் கண்ணருகில் கொண்டுவரக் கூடாது. கைக்குக் கிடைத்த வேறு களிம்பைப் போடுவதும் ஆபத்து: 2009இல் அமெரிக்காவில் எரித்ரோமைசின் தட்டுப்பாடு வந்தபோது ஜென்டாமைசின் களிம்பு போட்டதில் குழந்தைகளுக்கு இமை வெந்து கொப்புளித்தது.

களிம்பு கொனோரியாவை வெகுவாகத் தடுக்கும், முழுசாக இல்லை. கிளமிடியாவை நம்பும்படி தடுக்காது. ஆகவே 'களிம்பு போட்டாச்சு' என்பதை வைத்து எதையும் விலக்கிவிடாதீர்கள். கனடா குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் எல்லாக் குழந்தைக்கும் போடும் வழக்கத்தையே விட்டுவிடலாம் என்றது. கர்ப்பத்திலேயே தாயைப் பரிசோதித்து குணப்படுத்துவது மேல் என்பது வாதம். பரிசோதனை ஒழுங்காக நடக்கும் இடத்தில் அது சரி. முதல் தடவையாக வலியோடுதான் வந்து சேருகிறார்கள் என்கிற இடத்தில் களிம்பை நிறுத்தக்கூடாது.

பிரசவவார்டு

தாய்க்கு என்ன செய்யவேண்டும்? அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை என்பார்கள். தாய்ப்பாலை நிறுத்தவேண்டுமா?

இன்குபேட்டர்

நிறுத்தவேண்டாம். கையைக் கழுவிவிட்டுக் கொடுக்கட்டும். ஹெர்பிஸ் கொப்புளம் மார்பிலேயே இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் வேண்டாம்.

பெண்களுக்கு இரண்டு தொற்றும் அறிகுறியே இல்லாமல் இருப்பதுதான் சாதாரணம். குழந்தைக்கு உறுதியானால் தாய்க்கும் தந்தைக்கும் சேர்த்தே சிகிச்சை. கொனோரியாவுக்கு செஃப்ட்ரியாக்சோன் 500 மி.கி. தசையில் ஒரே டோஸ். கிளமிடியாவுக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு அசித்ரோமைசின் 1 கிராம் ஒரே வேளை, தந்தைக்கு டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. இரு வேளை 7 நாள். எச்.ஐ.வி., சிஃபிலிஸ் சோதனையும் கூடவே. பேசுவதைத் தாயிடம் தனியறையில் முதலில் பேசுங்கள். மாமியார், நாத்தனார் சுற்றி நிற்கும்போது 'பால்வினை நோய்' என்ற சொல் வாயில் வந்தால் மறுநாள் அந்தக் குழந்தையே சிகிச்சைக்கு வராது. இந்தத் தொற்று எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று சோதனை சொல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கிளமிடியா அறிகுறியில்லாமல் மாதக்கணக்கில் இருக்கும்.

குழந்தையைக் கொனோரியா என்றால் தினமும், கிளமிடியா என்றால் சிரப் முடிந்தபின் ஒரு தடவையும், இருமலோ வேகமூச்சோ வந்தால் உடனேயும் பார்க்கவேண்டும். கண் வெளுத்துவிட்டது என்று கிளமிடியா சிரப்பைப் பாதியில் நிறுத்தியவர்கள்தான் இரண்டாம் மாதம் இருமலோடு திரும்பி வருகிறார்கள்.